எண்ணிக்கையும் வேகமும்: ஃபாரூக் ஆசமின் கடல் ஆய்வு



கடலின் உணவுக் கணக்கு பள்ளிப் பாடத்தில் எளிமையானது. நுண்பாசியை மிதவை உயிர் தின்னும், அதைச் சாளை தின்னும், சாளையைச் சீலா தின்னும். செத்தது மட்க வேண்டும் என்பதற்காக ஓரமாகக் கொஞ்சம் பாக்டீரியா. இந்தப் படத்தை மாற்றி வரைந்தவர்களில் ஒருவர் ஃபாரூக் ஆசம். லாகூரில் பிறந்தவர், பிராகில் முனைவர் பட்டம் பெற்று, அறுபதுகளின் இறுதியில் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்துக்குப் போனார்.

அங்கே அவர் முதலில் எடுத்துக்கொண்டது பாக்டீரியாவை அல்ல. டயாட்டம் என்னும் நுண்பாசி தன்னைச் சுற்றிக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும் விதத்தை. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

பாக்டீரியாவை அகர் தட்டில் வளர்த்து எண்ணிய காலத்தில் கடல்நீர் ஏறக்குறைய காலியாகத் தெரிந்தது. தட்டில் வளர மறுத்தவைதான் பெரும்பான்மை என்பது பிறகு புரிந்தது. 1977-இல் ஆய்வாளர் ஹாபியும் அவரோடு வேலை செய்தவர்களும் நுண்துளை வடிதாளில் நீரை வடித்து, ஒளிரும் சாயமேற்றி நுண்ணோக்கியில் எண்ணும் முறையைச் சீர்ப்படுத்தினார்கள். ஒரு மில்லிலிட்டரில் சுமார் 10 லட்சம்! ஆனால் அவை தின்கின்றனவா, சும்மா கிடக்கின்றனவா? திருநெல்வேலி இருட்டுக்கடை வாசலில் நிற்கும் கூட்டத்தை எண்ணினால் எத்தனை கிலோ அல்வா போயிற்று என்று தெரிந்துவிடாது.

ஆசமும் அவருடைய மாணவர் ஜெட் ஃபர்மனும் 1980-இல் அதற்கு வழி சொன்னார்கள். செல் பிரிய வேண்டுமானால் டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும்; அதற்குத் தைமிடின் வேண்டும். கதிரியக்கம் ஏற்றிய தைமிடினைத் துளியளவு கடல்நீரில் கலந்து, சிறிது நேரம் விட்டு வடித்து, பாக்டீரியாவுக்குள் எவ்வளவு ஏறியது என்று அளந்தார்கள். எண்ணிக்கை இருந்த இடத்தில் வேகம் வந்தது. என் கணிப்பில் அவருடைய வாழ்நாளின் பெரிய வேலை இதுதான். புகழ் பெற்றது மற்றொன்று.

அந்த மற்றொன்று 1983-இல் ஆறு பேர் சேர்ந்து எழுதிய ஏழு பக்கக் கட்டுரை. நுண்பாசி ஆக்கும் கரிமத்தில் கணிசமான பங்கு கரைந்து நீரில் கலந்துவிடுகிறது. மீனால் அதைத் தின்ன முடியாது. பாக்டீரியா உறிஞ்சுகிறது, பாக்டீரியாவைக் கசையுயிர் தின்கிறது, அதைக் குற்றிழையுயிர் தின்கிறது, அப்படியே சங்கிலிக்குள் திரும்பி வருகிறது. நுண்ணுயிர் வளையம் என்றார்கள். ஆய்வாளர் பொமராய் 1974-லேயே இந்தத் திசையைக் காட்டியிருந்தார். அவருக்குரிய பங்கை அவருக்குத் தர வேண்டும். பிந்தைய அளவீடுகளின்படி, நுண்பாசி ஆக்குவதில் சராசரியாகப் பாதி பாக்டீரியா வழியே போகிறது.

நம் பக்கத்துக் கடலிலும் இது பயன்பட்டது. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் அரபிக்கடலில் நுண்பாசி குறைகிறது, ஆனால் மிதவை விலங்குகள் அவ்வளவாகக் குறைவதில்லை. அவை எதைத் தின்று பிழைக்கின்றன? தொண்ணூறுகளில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் நுண்ணுயிர் வளையத்தைத்தான் விடையாகக் காட்டினார்கள்.

டயாட்டம் கதை இப்போது. 1999-இல் பிடிலும் ஆசமும், டயாட்டம் ஓட்டின் மேலுள்ள புரத உறையைப் பாக்டீரியா அரித்த பிறகே கண்ணாடி விரைந்து கரைகிறது என்று காட்டினார்கள். முப்பது வருடத்துக்கு முன் கையில் எடுத்த ஓடு, இந்த முறை பாக்டீரியாவின் பக்கமிருந்து!

மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் பூங்கோரை எனப்படும் நுண்ணுயிர் பச்சையாகப் படர்ந்தது.  அடர்ந்து படர்ந்தது அழுகும்போது பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்று தீர்க்கிறது. மீனும் பவளமும் செத்தன. கேடு வருமா வராதா என்பதை முடிவு செய்வதில் அந்தத் தின்னும் வேகத்துக்கும் பங்குண்டு.

இதே வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே வருடத்தில் பல மாதம் மெலிந்து ஓடுகிறது. 2023 டிசம்பர் மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது, கரையையே மீறியது. மெலிந்தாலும் மீறினாலும் புன்னைக்காயலில் கடலுக்குள் போகும் கரிமத்தைத் தின்பது பாக்டீரியாதான். என்ன வேகத்தில் என்பதை நம் மாணவர்கள் அளக்கலாம். கதிரியக்கத் தைமிடினுக்கு அரசு அனுமதி வேண்டும், செலவும் ஆகும். ஆனால் கழிமுக நீரை இருட்டு பாட்டில்களில் அடைத்து, அன்றும் மறுநாளும் விங்க்ளர் முறையில் ஆக்சிஜனை அளந்து கழித்துப் பார்க்கலாம். பாக்டீரியா மட்டுமல்ல, நீரிலுள்ள எல்லாமும் மூச்சு விட்ட கணக்கு அது. முதலில் பெரிய உயிர்களை நிறுத்தி பாக்டீரியாவை மட்டும் விடும் நுண்ணிய வடிகட்டியில் வடித்துக்கொண்டால் பாக்டீரியாவின் பங்கு பெருமளவு பிரிந்து தெரியும். மூடியுள்ள பாட்டில், பியூரெட், தயோசல்பேட்: இவை நம் கல்லூரி ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன.