பாலைவனத்தின் அடியில் பிறந்த எண்ணெய்

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரி போலத் தேங்கிக் கிடக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அல்ஜீரியாவின் சகாரா பாலைவனத்தில் உள்ள ஹாசி மெசௌத் எண்ணெய் வயலைக் கொண்டு விளக்குகிறேன்.

40 கோடி ஆண்டுகளுக்கும் முன் அந்தப் பாலைவனம் கடலாக இருந்தது. அதில் வாழ்ந்த எண்ணற்ற நுண்ணுயிர்கள் மடிந்து அடியில் படிந்தன. அங்கே பிராணவாயு இல்லை; ஆகவே அவை அழுகித் தீராமல் சேற்றோடு கலந்தன. வயலில் வண்டல் படிவதை விவசாயத் தொழிலாளர்கள் அறிவீர்கள். அதுபோல் படிவின் மேல் படிவு ஏறி, பாரத்தால் சேறு இறுகிக் களிப்பாறை ஆயிற்று.

ஆழம் போகப் போக உஷ்ணம் ஏறும். கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி. சூடு 60 டிகிரியைத் தாண்டியதும் அந்த உயிர்ப்பொருள் எண்ணெயாக மாறத் தொடங்கும். முதலில் வருவது கனத்த எண்ணெய். சூடும் காலமும் கூடினால் அதன் நீண்ட மூலக்கூறுகள் அறுந்து குட்டையாகும். பஞ்சாலைத் தோழர்களே, நீண்ட நூல் துண்டு துண்டாவதை நினைத்துக் கொள்ளுங்கள். அப்படிக் கிடைப்பதுதான் இலேசான கச்சா எண்ணெய். அதில் பெட்ரோல் அதிகம், விலையும் அதிகம். சுமார் 150 டிகிரிக்கு மேல் போனாலோ பெரும்பாலும் வாயுதான் மிஞ்சும்.

பிறந்த எண்ணெய் பாறையின் நுண்துளைகள் வழியே நகர்ந்து, மேடாக இருந்த மணற்பாறையில் சேர்ந்தது. நனைந்த செங்கல்லில் தண்ணீர் இருப்பது போல அதன் துளைகளில் தங்கியது. மேலே உப்புப் படலம் மூடியாக நின்று காத்தது. 1956-ல் சுமார் 3,300 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டார்கள்.

அப்போது அல்ஜீரிய மக்கள் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திக் கொண்டிருந்தார்கள். சகாராவை மட்டும் பிரித்து வைத்துக் கொள்ள பிரெஞ்சு அரசு முயன்றது. மக்கள் இணங்கவில்லை. 1962-ல் சகாராவோடு சேர்த்தே விடுதலை பெற்றார்கள். ஆயினும் எண்ணெய் பிரெஞ்சுக் கம்பெனிகளின் பிடியில் நீடித்தது. 1971 பிப்ரவரி 24-ந் தேதி, அக்கம்பெனிகளின் எண்ணெய் உடைமையில் 51 சதவிகிதத்தை அல்ஜீரிய அரசு நாட்டுடைமையாக்கியது.

தோழர்களே! கடல் கொடுத்தது, பூமி காய்ச்சியது, தொழிலாளி வெட்டவெயிலில் துளைத்து எடுத்தான். எந்த முதலாளியும் அதில் ஒரு சொட்டைக்கூட உண்டாக்கவில்லை. எரித்துத் தீர்த்தால் நம் பேரன் காலத்திலும் அது மீண்டும் ஊறாது. அப்படிப்பட்ட செல்வம் யாருக்குச் சொந்தம்? அல்ஜீரிய மக்கள் கேட்ட கேள்வி இதுதான். விடையையும் அவர்களே சொன்னார்கள்.