ராமானுஜனின் கம்பளியும் நம் குழந்தைகளும்

(மேல்படிப்புக்காக வெளிநாடு செல்லும் மாணவர்களை வழியனுப்பும் பொருட்டு நம் கிளையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நான்கு குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். "மாமா, பத்து நிமிஷம் பேசுங்கோ, உபதேசம் மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் மேலதிகாரி சொன்னதைக் கேட்டே பழகியவன் நான். இதையும் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் நால்வரும் போகப்போவது பெரிய நகரங்களுக்கு அல்ல என்று தெரிந்துகொண்டேன். கல்லூரியைச் சுற்றி வளர்ந்த சின்ன ஊர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் தெருவில் ஆள் இருக்காது. அப்படிப்பட்ட ஓர் ஊருக்கு நூறு வருஷத்துக்கு முன்பே போன ஒரு மாணவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கும்பகோணத்து ஸ்ரீனிவாச ராமானுஜன். அவருடைய கணிதத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. நான் பி.எஸ்ஸி. பௌதிகத்தோடு நின்றவன். அவர் கேம்பிரிட்ஜில் எப்படி வாழ்ந்தார் என்பதுதான் இன்றைய விஷயம்.

1914 மார்ச் 17ஆம் தேதி சென்னையில் கப்பல் ஏறினார். வயது இருபத்தாறு. புறப்படுவதற்கு முன்பே குடுமியை எடுத்தாயிற்று. ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்து, முதல் சில வாரங்கள் நெவில் என்ற இளம் கணித அறிஞரின் வீட்டில் இருந்தார். பிறகு டிரினிடி கல்லூரியில் அறை கிடைத்தது. பூட்ஸ் காலைக் கடித்ததால் செருப்போடுதான் நடமாட்டம். ஆகஸ்டில் உலக யுத்தம் வந்தது. பையன்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். கல்லூரி முற்றத்திலேயே காயம்பட்ட சிப்பாய்களுக்குப் படுக்கை போட்டார்கள். ஏற்கெனவே அமைதியான ஊர், இன்னும் ஓசையடங்கிப் போயிற்று.

அங்கே அவருக்கு ஏற்பட்ட நண்பர்களில் ஒருவர் பி.சி. மஹலனோபிஸ். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஸ்தாபித்தாரே, அவரேதான். அப்போது அவரும் மாணவர். குளிர்காலத்தில் ஒரு நாள் ராமானுஜனிடம், ராத்திரி குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்றார் ராமானுஜன். மஹலனோபிஸ் நேரே படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டிருந்தது. கம்பளியை விலக்கி அதற்குள் நுழைந்து படுக்கவேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. கம்பளிக்கு மேலே, அந்த மெல்லிய விரிப்புக்கு அடியில் படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

உலகத்தில் நாலைந்து பேருக்கு மட்டுமே புரியும் கணக்கைப் போட்டவர் அவர். அவருக்குக் கட்டிலில் எப்படிப் படுப்பது என்று சொல்ல ஆள் இல்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. மஹலனோபிஸ் மாதிரி ஒருவர் கேட்டதோடு நிற்காமல் அறைக்குள்ளும் போய்ப் பார்த்ததால் விஷயம் வெளியே வந்தது. ஹார்டி மகா பெரிய மனிதர், ராமானுஜனை உலகத்துக்குக் காட்டியவர். கிட்டத்தட்ட தினமும் சந்தித்தவர்தான். ஆனால் அவர்கள் பேசியதெல்லாம் கணக்கு. சொந்த விஷயத்தில் மூக்கை நுழைப்பது அந்த ஊர் மரியாதையில் சேராது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ராமானுஜன் கல்லூரிச் சமையலைத் தொடவில்லை. அறையிலேயே சமைத்துக்கொண்டார். ஒரு தரம் சட்டர்ஜி என்ற நண்பரையும், அவர் மணக்கவிருந்த பெண்ணையும், இன்னொரு பெண்மணியையும் விருந்துக்கு அழைத்தார். ரசம் பரிமாறினார். இரண்டு தரம் வாங்கிக்கொண்ட அந்தப் பெண்கள் மூன்றாவது தரம் போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். நாலு நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. தான் பரிமாறியதை மறுத்தது மனசுக்குத் தாங்கவில்லையாம். இதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். நானும் பல வருஷம் சிரித்திருக்கிறேன். ஒரு கரண்டி ரசத்துக்கு ஊரை விட்டே ஓடுகிறவன் எவ்வளவு தனியாக இருந்திருப்பான் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

இனி நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆசாரத்தை விடு என்று நான் சொல்லவில்லை. டிரினிடியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் ஹால்தான் நாலு பேர் முகம் பழகும் இடம். அதை ராமானுஜன் இழந்தார். குழந்தைகளா, உங்கள் தயிர் சாதத்தை டப்பாவில் போட்டுக்கொண்டு அந்த மேஜைக்கே போங்கள். பக்கத்தில் இருப்பவன் எதைத் தின்கிறான் என்று பார்க்கவேண்டாம். அவன் பேசுவதைக் கேளுங்கள்.

1916 மார்ச்சில் பி.ஏ. பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் வியாதி வந்து நர்சிங் ஹோம், சானடோரியம் என்று அலைச்சல். முதலில் அடிக்கடி வீட்டுக்குக் கடிதம் எழுதியவர் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டார். மனைவி ஜானகி அம்மாள் எழுதிய கடிதங்கள் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. மாமியார் மருமகள் விவகாரம், அதில் நான் நுழையமாட்டேன். வீட்டோடு தொடர்பே இல்லை என்பது ஹார்டிக்கு 1917இல்தான் தெரிந்தது. 1918 தொடக்கத்தில் லண்டனில் சுரங்க ரயில் தண்டவாளத்தில் போய் விழுந்தார். ஊழியர் பார்த்து விசையை நிறுத்தியதால் சில அடி தூரத்தில் ரயில் நின்றது. ஹார்டி மூலமாக இதை அறிந்து பின்னாளில் வெளியில் சொன்னவர் விஞ்ஞானி சந்திரசேகர். அதே 1918 மே மாதத்தில் ராமானுஜன் எஃப்.ஆர்.எஸ். ஆனார். நாம் படம் மாட்டி மாலை போடுவது அந்த மே மாதத்துக்குத்தான்.

இப்போது என் கதை. என் பிள்ளை 2000ஆம் வருஷம் அமெரிக்காவில் அயோவா மாகாணத்து ஏம்ஸ் என்ற ஊருக்கு எம்.எஸ். படிக்கப் போனான். சுற்றிலும் சோளக்காடு, நடுவில் பல்கலைக்கழகம். ஞாயிறு காலை நம் வீட்டுப் போன் அடிக்கும். அங்கே சனி ராத்திரி. நான் மூன்று கேள்வி கேட்பேன். சாப்பிட்டாயா, சந்தி பண்ணினாயா, பரீட்சை எப்படி? "எல்லாம் சௌக்கியம்பா" என்பான். வைத்துவிடுவேன். நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கார்டில் காசு ஓடுகிறதே!

பத்து வருஷம் கழித்து, பேச்சுவாக்கில் சொன்னான். முதல் டிசம்பர் விடுமுறையில் கூட இருந்தவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்களாம். வெளியே பனி. பதினோரு நாள் என்னைத் தவிர யாரோடும் பேசவில்லையாம். மனிதர்கள் இருக்கும் இடத்தில் உட்காரவேண்டும் என்பதற்காகவே டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப்பு வரை போய்த் திரும்பி வருவானாம். ஏன்டா என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேனேப்பா" என்றான். அதில் கோபமே இல்லை. அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

பெற்றோர்களே, இப்போது வாட்ஸ்அப்பில் முகமே தெரிகிறது. கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்பது மட்டும் குழந்தையின் கையில் இருக்கிறது. சந்தியைப் பற்றிக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், நேற்று யாரோடு பேசினாய், துணி எங்கே தோய்க்கிறாய், ஹீட்டரைப் போடத் தெரிகிறதா, லீவில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் சௌக்கியம் என்று பதில் சொல்ல முடியாது.

அந்தப் பக்கங்களில் இருக்கும் நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலரின் விவரத்தைச் செயலாளரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நால்வரும் போகும் முன் ஊர் பெயரையும் டிசம்பர் விடுமுறைத் தேதிகளையும் ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்துவிடுங்கள். மாமி காபி கலந்து வைத்து ரொம்ப நேரமாகிறது.