வறண்ட வாய்க்காலும் வாய்க்கால்தான்

(முன்னாள் மாணவர் சங்க மறுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் குழாய் போன்ற திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிப்பது என் தொழில். அதில் நான் தலைகுனிந்த ஒரு நாளைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நான் செல்லூர்க்காரன். தறிச் சத்தத்தில் தூங்கி, தறிச் சத்தத்தில் எழுந்தவன். கண்மாயிலிருந்து வைகைக்குப் போகிற பந்தல்குடி வாய்க்காலைச் சின்ன வயதில் தாண்டிக் குதித்து விளையாடியிருக்கிறோம். வருஷத்தில் பாதி நாள் அது வாய்க்கால் மாதிரியே இருக்காது. 2024 அக்டோபரில் ஒரு மழை அடித்தது. செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளே தண்ணீர் வந்த பிறகுதான் "அட, இது தண்ணி போற பாதையாச்சே" என்று எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த நானே அந்தத் தவறைச் செய்தேன் என்பதுதான் வெட்கம்.

பல வருஷங்களுக்கு முன், காவிரிக் கடைமடையில் ஓர் எண்ணெய்க் கிணறுக்கு அறிக்கை எழுதினேன். மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில் மூன்று மாதம் காற்று, தண்ணீர், மண் எல்லாவற்றையும் அளந்தால் போதும் என்பது நடைமுறை. நாங்கள் போனது பங்குனி, சித்திரை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல்தான் திறப்பார்கள். ஆகவே நாங்கள் பார்த்த இடமெல்லாம் வெடித்துக் கிடந்தது. கிணறு தோண்டும் இயந்திரத்தை நிறுத்த கிராவல் கொட்டி மேடு கட்ட வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. "நீரோட்டம் இல்லாத தாழ்வான பகுதி" என்று எழுதிவிட்டேன்.

அடுத்து மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மாவட்ட அதிகாரி தலைமையில் ஷாமியானா, மைக், வீடியோ எல்லாம் உண்டு. நானும் கணிப்பொறிப் படங்களைக் காட்டி அழகாக விளக்கினேன். வயதான ஓர் அம்மா எழுந்தார்.

"தம்பி, நீங்க ஐப்பசி கார்த்திகைல வந்து பாத்தீங்களா? நீங்க மேடு கட்டுற எடந்தான் எங்க வடிவாய்க்கால். அதுல தண்ணி வடியலேன்னா நட்ட பயிரெல்லாம் அழுகிப் போயிடும்."

என்னிடம் பதில் இல்லை. "கவனத்தில் கொள்கிறோம் அம்மா" என்றேன். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்தார்கள். "வடிகால் குறித்துச் சந்தேகம் எழுப்பப்பட்டது, விளக்கம் அளிக்கப்பட்டது" என்று வந்தது. அந்த அம்மா விடவில்லை. "வெளக்கம் எங்க சொன்னாரு? பாக்கலேன்னுதான் தெரியுது. அத எழுதுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. தலைமை வகித்த அதிகாரி சிரிக்கவில்லை. குறிப்பைத் திருத்தச் சொன்னார்.

அந்தத் திருத்தத்தால்தான் நாங்கள் மறுபடி மழையில் போனோம். முழங்கால் அளவு தண்ணீர் அந்தப் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இடத்தைச் சாலையின் மறுபக்கம் மாற்றினோம். இப்போதெல்லாம் சாய்வாகத் துளையிட முடியும். பூமிக்குள் போய்ச் சேர வேண்டிய இடம் மாறாமல், மேலே இயந்திரம் நிற்கும் இடத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைத் தோண்டுவதற்கு முன்னால் கேட்டால்தானே செய்ய முடியும்?

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1994-இல் தாக்க மதிப்பீடு சட்டப்படி வந்தது. 1997-இல் மக்கள் கருத்துக் கேட்பு சேர்ந்தது. 2006 அறிவிக்கை அதை விரிவாக வகுத்தது. 2020 ஜனவரி 16-இல் மத்திய அரசு ஒரு திருத்தம் செய்தது. எண்ணெய், எரிவாயுவைத் தேடும் ஆய்வுக் கிணறுகள் 'பி2' வகைக்குப் போயின. அந்த வகைக்குக் கருத்துக் கேட்பு கிடையாது. உற்பத்திக் கட்டத்தில்தான் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதைதான்!

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. ஆய்வு என்பது சில மாத வேலை, கூட்டம் போட்டால் தாமதமாகும் என்கிறார்கள். எனக்கும் பெட்ரோல் வேண்டும், வீட்டில் கேஸ் வேண்டும். ஆனால் கேட்காததால் வந்த தாமதத்தை யார் கணக்குப் போடுவது? 2017 பிப்ரவரி 15-இல் நெடுவாசல் உள்ளிட்ட 31 இடங்களுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஊர் மக்கள் மறுநாளே போராட்டத்தில் இறங்கினார்கள். 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமே வந்தது.

டெல்டாவுக்கு வெளியே அந்தச் சட்டம் இல்லை. நம் பக்கத்து ராமநாதபுரத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. ஆகஸ்டில் செய்தி பரவி எதிர்ப்பு கிளம்பியதும், அனுமதியைத் திரும்பப் பெற அறிவுறுத்தியிருப்பதாக மாநில அரசு சொன்னது. மேலூர் பக்கம் அரிட்டாபட்டி டங்ஸ்டன் விஷயமும் உங்களுக்குத் தெரியும். அது எண்ணெய் இல்லை, சுரங்கம். அங்கும் 2024 நவம்பரில் ஏல முடிவுதான் முதலில் வந்தது. ஜனங்கள் மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்து வந்தார்கள். 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் இத்தனை பேர் தெருவுக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் என் தொழிலுக்கு வருவீர்கள். மற்றவர்கள் ஏதாவதொரு ஊரில் குடியிருப்பீர்கள். இரு தரப்புக்கும் சொல்கிறேன். கருத்துக் கேட்பு உள்ள திட்டங்களுக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் அறிக்கையைப் பார்க்கலாம். நேரில் வர முடியாதவர் எழுதி அனுப்பலாம். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதி இல்லை. நீங்கள் போகாவிட்டாலும் கூட்டம் நடந்துவிடும். அங்கே ஓட்டெடுப்பும் கிடையாது. பதிவாகிற கேள்விக்குத்தான் மதிப்பு. ஆகவே குறிப்பை வாசிக்கும் வரை எழுந்து போகாதீர்கள். காபி வந்ததும் பாதிக் கூட்டம் கலைந்துவிடுகிறது, அதைத்தான் நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன்.

என் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. கருவியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகும் முன், அந்த ஊரில் வயதான ஒருவரிடம் "மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேளுங்கள். எனக்குப் பட்டம் தந்தது இந்தக் கல்லூரி. அந்தப் பட்டத்தில் விட்டுப்போன ஒரு பாடத்தை ஷாமியானா நிழலில் அந்த அம்மா நடத்தி முடித்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றும் அந்தக் குறை மனதில் இருக்கிறது.