உங்கள் கருத்து எங்கே?

(கல்வி உதவிநிதி வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நம் உதவிநிதி பெற்ற மாணவி ஒருவர் கோயில் மண்டபத்தில் என்னைச் சந்தித்தார். ஆங்கிலத்தில் முதுகலை பயில்பவர். "படிப்பை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன், சார்" என்றார். கையில் 12 பக்கக் கட்டுரை. இலக்கணப் பிழை அதிகமில்லை. கடைசிப் பக்கத்தில் விரிவுரையாளர் ஒரே வரி எழுதியிருந்தார்: "உங்கள் கருத்து எங்கே?"

படித்துப் பார்த்தேன். அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார் என்று மேற்கோள்களே வரிசையாக இருந்தன. யார் சொன்னது ஏற்கத்தக்கது, ஏன் என்பது இல்லை. கேட்டபோது, "அவர்களெல்லாம் பெரிய அறிஞர்கள். நான் எப்படி சார் மறுப்பது?" என்றார்.

அன்பர்களே, அக்குறையில் எனக்கும் பங்குண்டு. 33 ஆண்டுகள் ஆங்கிலம் போதித்தேன். தேர்வுக்கு மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்யச் சொன்னவன் நான். புள்ளிகள் கிடைத்தன; சிந்திக்கும் பழக்கம் கிடைக்கவில்லை.

1966இல் ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளர், ஆங்கிலத்தார் நேர்க்கோட்டில் எழுதுவர், கீழைநாட்டார் சுற்றிவளைத்து எழுதுவர் என்று படம் வரைந்தே காட்டினார். அதைப் பலர் மறுத்தனர். பின்னாளில் அவரே அக்கருத்தைத் தளர்த்திக்கொண்டார். ஆகவே, நம் பிள்ளைகளுக்கு இது வராது என்று யாரும் எண்ண வேண்டாம்.

நமக்கு இது புதிதுமன்று. நன்னூல் கூறும் ஏழு மதங்களில் பிறர் கருத்துக்கு உடன்படுவதும் உண்டு, மறுப்பதும் உண்டு. இருவர் மாறுபடும்போது ஒரு பக்கத்தைத் துணிவதும் உண்டு. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், பரபக்கத்தில் பிற சமயத்தார் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்த பின்னரே, சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவினார். இன்றைய பல்கலைக்கழகம் கேட்பதும் இதுதானே!

அம்மாணவியிடம், ஒவ்வொரு மேற்கோளின் பக்கத்திலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொன்னேன். இவர் சொல்வது என்ன? அதற்கு என்ன சான்று காட்டுகிறார்? அந்த முடிவுக்கு அந்தச் சான்று போதுமா? மூன்றாம் கேள்விக்கு எழுதும் விடைதான் உங்கள் கருத்து என்றேன். மூன்று முறை திருத்தி எழுதினார். ஓர் அறிஞரை ஏற்று, மற்றவர் காட்டிய சான்று போதாது என்பதைப் பணிவாகவே எழுதியிருந்தார். மறுப்பது வேறு, மரியாதைக் குறைவு வேறு என்பது அவருக்குப் புரிந்தது. இன்று படிப்பைத் தொடர்கிறார்.

பெற்றோர்களே, பிள்ளை "ஏன்?" என்று கேட்டால், எதிர்த்துப் பேசுகிறான் என்று அடக்கிவிடாதீர்கள். அதற்குக் காரணம் சொல்லுங்கள். அவனிடமும் காரணம் கேளுங்கள்.

நிர்வாகத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். நாம் கொடுக்கும் பணம் கட்டணத்தைக் கட்டும். கட்டுரையை எழுதித் தராது. சனிக்கிழமை மாலைகளில் நூலக அறையைத் திறந்து கொடுத்தால், பட்டப்படிப்பு மாணவர்களுடன் அமர்ந்து அவர்கள் எழுதியதைப் படித்துத் திருத்த நான் ஆயத்தமாக இருக்கிறேன். மனனம் செய்ய வைத்தவனுக்கு அது ஒரு பரிகாரமாகவும் அமையும்.

இறைவன் திருவருள் துணைநிற்பதாக.