தப்பு கடந்த கடல்: பாட்டும் பெயரும் கூலியும்



'பாட்டும் பண்பாட்டு அடையாளமும்' என்று மன்றத் தோழர்கள் எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். நாம் இன்று நினைவுகூரும் தோழர், எந்தக் கூட்டமானாலும் ஒரு பாட்டோடுதான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். அவர் பெயரால் நடக்கும் சொற்பொழிவுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு இல்லை. அதில் ஒரே ஒரு சொல்லை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தச் சொல் 'கூலி'.

சமூகவியல் வகுப்பில் 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று ஒரு பாடம் உண்டு. இரண்டு சமூகங்கள் சந்திக்கின்றன, ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்துக்கொள்கிறது, இரண்டும் வளம் பெறுகின்றன என்று அது போகும். படிக்கும்போது, அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் குழம்புக் கிண்ணத்தை மாற்றிக்கொள்வதுபோல இருக்கும். நம் சேரியின் பாட்டு அப்படிப் பயணம் செய்ததில்லை. அது கப்பலின் அடித்தட்டில் போனது. கங்காணியின் பின்னால் காடு கடந்து நடந்து போனது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டே புது மெட்டுக் கற்றது. இவ்வளவு தூரம் போன, இத்தனை பேரிடம் வாங்கிய, இத்தனை பேருக்குக் கொடுத்த பாட்டு, பெரிய மேடை ஒன்றில் ஏறும்போது மட்டும் பாடியவரின் பெயரையும் கூலியையும் வழியில் தொலைத்துவிடுகிறது. இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒரு சொல் போன வழி

முதலில் கருவியின் பெயரிலிருந்து தொடங்குவோம். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்ற வரிசையில் பறையையும் சேர்க்கிறது. நிலத்துக்கு ஒரு பறை இருந்தது. பிற்காலத்தில் அந்தப் பறை ஒரு சாதியின் தோளில் மட்டும் மாட்டப்பட்டது. ஐரோப்பியர் இங்கே வந்தபோது 'பறையர்' என்ற பெயரைத் தங்கள் மொழிகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலத்தில் அது 'பரையா' ஆயிற்று. தள்ளிவைக்கப்பட்டவன் என்று பொருள். இன்றும் உலகச் செய்திகளில் ஒரு நாட்டைப் பிற நாடுகள் ஒதுக்கிவைத்தால் அந்த நாட்டை இந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார்கள்.

முதுகலை படிக்கும்போது மாக்ஸ் வேபரின் எழுத்தில் இந்தச் சொல்லைச் சந்தித்தேன். பண்டைய யூதர்களை அவர் 'பரையா மக்கள்' என்று வகைப்படுத்துகிறார். பிறகு ஹன்னா அரெண்ட் 1944இல் எழுதிய கட்டுரையில் அதே சொல்லை எடுத்துக்கொண்டு, கவிஞர் ஹைனே முதல் சார்லி சாப்ளின் வரை ஒதுக்கப்பட்ட நிலையிலிருந்தே சுதந்திரத்தைக் கண்டவர்களைப் பற்றிப் பேசினார். தமிழ்நாட்டுச் சேரியிலிருந்து கிளம்பிய ஒரு சொல் ஜெர்மன் சமூகவியலுக்கும் யூத அகதியின் சிந்தனைக்கும் போயிருக்கிறது. சொல் போனது. அந்தத் தோலின் ஓசையும், அதை அடித்த கையின் திறமையும் அதனோடு போகவில்லை. இழிவு மட்டும் ஏற்றுமதியானது.

ஓசை வேறு வழியாகப் போனது.

பெரட்டுத் தப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், சக்கிலியர். அவர்கள் கையோடு தப்பு போனது. அங்கே அதற்கு ஒரு புது வேலை கொடுக்கப்பட்டது. விடிவதற்கு முன் லயங்களில் தூங்குகிறவர்களை எழுப்பி வேலைக்கு அணிவகுக்க வைக்கத் தப்படித்தார்கள். அதற்குப் பெயர் பெரட்டுத் தப்பு. ஆங்கிலேயரின் 'பரேட்' மலையில் 'பெரட்டு' ஆனது. கூடும் இடம் பெரட்டுக்களம்.

இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே பண்பாட்டுப் பரிமாற்றத்தின் முழு வரலாறும் இருக்கிறது. ஆங்கிலச் சொல், தமிழ்த் தோல், தோட்ட முதலாளியின் நேரம், கூலியாளின் தூக்கம். ஆனால் அதே தப்பு மாலையில் வேறு குரலில் பேசியது. காமன் கூத்துக்கும், அருச்சுனன் தபசுக்கும், பொன்னர் சங்கருக்கும் அதுதான் இசை. காலையில் முதலாளிக்காக அடித்ததை இரவில் தமக்காக அடித்துக்கொண்டார்கள். மலையகத்தின் பாட்டுகளை சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்துவைத்தார். கொழுந்து பறித்த பெண்களின் குரல் ஏடு ஏறியது அவரைப் போன்றவர்களால்தான்.

இன்னும் தொலைவில், தென்னமெரிக்காவின் கயானாவுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் போனார்கள். ஆப்பிரிக்க அடிமைகள் விடுதலையான பிறகு, அவர்கள் வேலை செய்த தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 'மதராசிகள்' என்று அழைக்கப்பட்ட நம்மவர் அங்கே மாரியம்மனுக்கும் காளிக்கும் கோயில் எழுப்பினார்கள். தலைமுறைகள் கடந்து பேச்சுத் தமிழ் அங்கே அநேகமாக மறைந்துவிட்டது. தப்பு மறையவில்லை. அந்தக் கோயில்களில் அதே பெயரோடு இன்றும் அடிக்கப்படுகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரும் அங்கே வழிபட வருகிறார்கள். 'கடல் கடந்த தமிழ்ப் பண்பாடு' என்று இங்கே மேடைகளில் பெருமை பேசுகிறவர்கள் அந்தக் கடலைக் கடந்தது எந்தத் தெருவின் கருவி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாங்கியதும் கொடுத்ததும்

நம் பாட்டு தூய்மையானது, கலப்பில்லாதது என்று சில தோழர்கள் வாதாடுவதுண்டு. அந்த வாதம் நமக்கு வேண்டாம். தூய்மை நம்மைத் தள்ளிவைத்தவர்களின் சொல். நம் பாட்டின் பலம் கலப்பில் இருக்கிறது.

வடசென்னையின் கானாவைப் பாருங்கள். 'கானா' என்ற பெயரே இந்தி, உருதுவில் பாட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். சித்தர் பாடலின் நிலையாமை, சாவு வீட்டின் ஒப்பாரி, இந்தித் திரைமெட்டு, தோலக்கு, புல்புல்தாரா, கைக்குக் கிடைத்த சட்டி எல்லாம் அதற்குள் உண்டு. துறைமுகத்துக்கு யாரெல்லாம் வந்தார்களோ அவர்களின் ஓசையெல்லாம் கானாவுக்குள் வந்தது. செத்தவரைச் சுற்றி விடிய விடியப் பாடிய அந்தப் பாட்டைத் தொண்ணூறுகளில் தேவா திரைக்குக் கொண்டுவந்தார். 2006இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் தானே திரையில் தோன்றிப் பாடினார். 2012இல் 'அட்டகத்தி' வந்தபோது கானா பாலாவின் குரல் தமிழ்நாடு முழுக்க ஒலித்தது.

இன்னொரு எடுத்துக்காட்டு. 'மனுசங்கடா' பாட்டை நம்மில் பாடாதவர் இல்லை. எழுதியவர் இன்குலாப், கீழக்கரையின் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்தவர். 1968 டிசம்பர் 25 அன்று தஞ்சை மண்ணில் கீழ்வெண்மணியில் 44 உயிர்களை எரித்த நெருப்பின் வெக்கை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. அதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த குரல் மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரனுடையது. தன்வரலாறான 'வடு'வில், இளையான்குடி இசுலாமியரிடம் தீண்டாமை இல்லாத பழக்கத்தைக் கண்டதை அவர் எழுதியிருக்கிறார். கீழக்கரை, கீழ்வெண்மணி, மாரந்தை. மூன்று இடங்களும் சேர்ந்த அந்தப் பாட்டுக்கு யாரும் 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று பெயர் வைக்கவில்லை. தோழமை என்று சொன்னார்கள். நானும் அந்தச் சொல்லையே விரும்புகிறேன்.

கடலுக்கு அப்பாலிருந்தும் வாங்கினோம். 1972இல் பம்பாயில் இளைஞர்கள் தங்களை 'தலித் பேந்தர்ஸ்' என்று அழைத்துக்கொண்டது அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'பிளாக் பேந்தர்' இயக்கத்தைப் பார்த்துத்தான். எழுபதுகளில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருக்களில் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் உருவாக்கிய ஹிப்ஹாப், சென்னைக் குடிசைப் பகுதிகளுக்கு வந்தபோது அந்நியமாகத் தெரியவில்லை. போலீசைப் பற்றியும் சாவைப் பற்றியும் தெருமுனையில் நின்று போட்டிபோட்டுப் பாடுவது இங்கே முன்பே இருந்தது. 2017இல் பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானாவும் ராப்பும் ராக் கிதாரும் பறையும் ஒரே மேடையில் நின்றன. குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்தது. பண்டிதரும் பிராங்க்ஸும் சந்தித்த இடம் அது.

பெயர் விழுந்த இடம்

அந்தக் குழுவிலிருந்து வந்தவர் அறிவு. 2019இல் அவரும் ஓஃப்ரோவும் சேர்ந்து 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார்கள். 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. அதன் பின்னால் இருந்தது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாடு திரும்பியவர் அவர்.

அந்தத் திரும்புதலுக்கு ஒரு அரசியல் உண்டு. 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. யாரிடமும் கேட்கவில்லை. மூட்டைக் கணக்குப் போல மனிதக் கணக்கு. அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒப்பாரிதான் அந்தப் பாட்டாக உலகம் சுற்றியது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் அந்தப் பாட்டின் பெயரால் தீ இருந்தார், அறிவு இல்லை. எதிர்ப்பு எழுந்த பின் அறிவுக்கெனத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. உருவாக்கத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதில் சம்பந்தப்பட்டவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. 2024இல் சந்தோஷ் நாராயணனே அந்தப் பாட்டால் தமக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று பொதுவெளியில் சொன்னார். நான் கேட்பது வேறு. நிலமற்றவர்களைப் பற்றிய பாட்டில், அந்த நிலமற்ற பாட்டியின் பேரன் எப்படி இவ்வளவு எளிதாக விடுபட முடிகிறது? பாட்டை எல்லோருக்கும் பொதுவாக்கும்போது முதலில் விடுபடும் பெயர் ஏன் எப்போதும் நம் தெருவின் பெயராக இருக்கிறது?

மறுப்பும் மீட்பும்

கடைசியாக, நமக்குள்ளேயே இருக்கும் ஒரு பழைய விவாதம். பறையைக் கையில் எடுக்கலாமா, கீழே போடவேண்டுமா?

இழவு சொல்வது, செத்த மாடு தூக்குவது, சாவுக்கு அடிப்பது ஆகியவை ஊர் நம்மீது சுமத்திய கட்டாய வேலைகள். 1928இல் அம்பேத்கர் பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வதன் முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். பரம்பரை ஊழியத்தின் பெயரால் சுரண்டப்படும் உழைப்பை அவர் அதில் எதிர்த்தார். தமிழ்நாட்டிலும் ஊர் ஊராகப் பறையடிக்க மறுத்தவர்கள் அடிபட்டிருக்கிறார்கள், ஊர்விலக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களின் மறுப்பை மதிக்காமல், 'பறை தமிழரின் ஆதி இசை' என்று மேடையில் முழங்குவது அவர்களின் காயத்தின் மேல் அடிப்பதாகும்.

மறுபக்கம், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் தப்பைக் கையில் எடுத்தபோது ஆண்கள் மட்டுமே அடித்த கருவியின் பொருள் மாறியது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் விருது வந்த அதே நாட்டில்தான் சாவுக்கு அடிக்க வரமாட்டேன் என்று சொல்கிறவனை ஊர் இன்னமும் முறைத்துப் பார்க்கிறது.

இரண்டு தரப்பும் எனக்கு எதிரெதிராகத் தெரியவில்லை. அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை உள்ளவன் அடித்தால்தான் அது கலை. அந்த உரிமை இல்லாதவன் அடிப்பது ஊழியம். எந்தப் பரிமாற்றத்தையும் இதே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். பாடியவரின் பெயர் இருக்கிறதா? கூலி அவர் கைக்குப் போனதா? வரமாட்டேன் என்று சொல்ல அவரால் முடியுமா? மூன்றுக்கும் விடை ஆம் என்றால் ஜாஸோடும் ராப்போடும் கர்நாடக இசையோடும் தாராளமாகக் கலக்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அது பழைய பெரட்டுத் தப்புதான், மின்விளக்கு மட்டும் புதிது.

இதை வெளியாரிடம் கேட்பதற்கு முன் நம் மேடைகளிலிருந்து தொடங்குவோம். நம் கூட்ட அழைப்பிதழ்களில் பேச்சாளரின் பெயர் பட்டத்தோடு அச்சாகிறது. கீழே 'பறையாட்டம்' என்று ஒரே சொல். அடிக்கிற எட்டுப் பேருக்குப் பெயரில்லை. பேச்சாளருக்குப் பயணப்படி, அவர்களுக்குச் சாப்பாடும் வேன் வாடகையும். இனி இந்த மன்றத்தின் அழைப்பிதழில் ஒவ்வொரு கலைஞரின் பெயரும் ஊரும் வரட்டும். கூலியை முன்பே பேசி, மேடை ஏறும் முன் கையில் கொடுப்போம். பாட்டிகளின் ஒப்பாரியைப் பதிவு செய்கிறவர்கள் முதலில் பாட்டியின் பெயரைப் பதிவு செய்யட்டும். அந்தப் பதிவை எங்கே பயன்படுத்தப் போகிறோம் என்று அவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கட்டும். இந்த உரையை அச்சிடும் நூலிலும் இன்று தொடக்கத்தில் பறையடித்த கலைஞர்கள் அனைவரின் பெயரும் என் பெயருக்கு முன்னால் வரவேண்டும் என்று மன்றத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.