மூச்சுக்கும் தசை உண்டு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் முதியோர் நலம் குறித்து நிகழ்த்திய உரை)



அறுபதைக் கடந்து, பிள்ளைகளோடு தலைநகரில் வந்து தங்கியிருக்கும் நம்மில் பலருக்கு வாய்த்தவை மின்தூக்கி இல்லாத மாடி வீடுகள். மூன்றாம் மாடிக்கு ஏறுகையில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிடுகிறோம். யாரேனும் எதிரே வந்தால் சாவியைத் தேடுவது போல் பாவனை செய்கிறோம். "வயதாகிவிட்டது" என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டு, நாளடைவில் காய்கறி வாங்கவும் கீழே இறங்குவதை விட்டுவிடுகிறோம். அந்த இளைப்பில் ஒரு பங்கு நாம் மீட்டுக்கொள்ளக் கூடியதே என்பதை இன்று எடுத்துரைக்க விழைகிறோம்.

முதுமையில் தசை தேய்வது இயற்கை. அத்தேய்வு அளவு கடந்து வலிமையும் குன்றினால் அதற்குச் சார்கோபீனியா என்று பெயர். கிரேக்க மொழியில் சதை, குறைவு எனப் பொருள்படும் இரு சொற்களை இணைத்து 1989-ல் இப்பெயரை வழங்கியவர் அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பர்க். தொடை சூம்புவது கண்ணுக்குத் தெரிகிறது. மூச்சை இழுக்கும் தசை நலிவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே கவிழ்த்த குடை போல் அமைந்த உதரவிதானமே இவ்வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறது. அது சுருங்கிக் கீழிறங்கினால் காற்று உட்புகும். விலாவிடைத் தசைகள் துணை நிற்கும். நிமிடத்திற்குப் பதினைந்து முறை என்று கொண்டாலும் நாளொன்றுக்கு 21,600 முறை ஆகிறது! வயது ஏற ஏற மார்புக்கூடு விறைத்து, அதை விரிக்கும் உழைப்பு கூடுகிறது; உழைக்கும் தசையோ மெலிகிறது.

இதனால் இளைப்பு மட்டுமா வருகிறது? இருமலும் வலுவிழக்கிறது. ஆழ மூச்சிழுத்து ஓங்கி இருமினால் அன்றோ சளி வெளியேறும்? இயலாதவருக்குச் சாதாரண ஜலதோஷமும் நிமோனியாவாக முற்றக்கூடும். டில்லியின் மார்கழி, தை மாதங்களை அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஜப்பானிய மருத்துவ அமைப்புகள் நான்கு கூடி 2023-ல் மூச்சுத் தசைத் தேய்வைத் தனியே வரையறுத்து அறிக்கை வெளியிட்டன.

முதிர்ந்த தசை மீளுமா? 1990-ல் போஸ்டன் நகரில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்து முதியோரை எட்டு வாரம் எடை தூக்கப் பயிற்றுவித்தனர். முடிவுவரை பயின்ற ஒன்பது பேரின் கால் வலிமை சராசரி 174 சதவீதம் உயர்ந்தது. அது காலைப் பற்றிய சோதனை. எனினும் சுமை ஏற்றினால் தசை வளரும் என்னும் விதி மூச்சுத் தசைக்கும் பொருந்தும்.

அதற்கு ஏற்றும் சுமைதான் என்ன? கையடக்கமான குழாய்க் கருவி ஒன்று உண்டு. அதனுள் வில்சுருள் அடைப்பு இருக்கும். குறித்த விசையோடு இழுத்தாலன்றி அது திறவாது. முதலில் மருத்துவரோ இயன்முறை சிகிச்சையாளரோ நம் உள்ளிழுக்கும் விசையை அளந்து, அதில் சுமார் 30 சதவீதத்தில் சுமையை வைப்பார். மூக்கைக் கவ்வியால் அடைத்து, நிமிர்ந்து அமர்ந்து, விசையோடு ஆழ இழுத்து மெல்ல விடவேண்டும். வேளைக்கு முப்பது மூச்சு, நாளைக்கு இருவேளை என்பது பெரிதும் கையாளப்படும் முறை. பழகப் பழகச் சுமையைக் கூட்டுவர். புகைமூட்ட நாட்களில் பூங்காவுக்குச் செல்லாமல் வீட்டுக்குள்ளேயே செய்யலாம் என்பது நமக்குத் தனி வசதி.

அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையில் கொடுத்தனுப்பும் மூன்று பந்துக் கருவி நம்மில் பலர் வீட்டில் இருக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டுப் பொருள். நுரையீரலை விரிக்க அது உதவும். ஆனால் குறித்த சுமையைத் தருவது அன்று. பிராணாயாமம் மனத்தை அமைதிப்படுத்தும், அதையும் விடவேண்டாம். எனினும் சுமையின் வேலையை அதனிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது.

மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. இப்பயிற்சியால் மூச்சுத் தசை வலுப்பெறுவது பல ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. நடக்கும் தொலைவு கூடுவதில் முடிவுகள் ஒருபடித்தாக இல்லை. ஆகவே காலுக்கும் வேலை கொடுக்கவேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், ஆசிய வல்லுநர் குழு 2019-ல் வகுத்தபடி, அது திறன் குறைவின் அடையாளம். உணவையும் மறக்கலாகாது. முதியோருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பர். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். இரவு ரசம் சாதமும் அப்பளமும் போதும் என்று எழுந்துவிடும் நம் தாய்மார்கள் இக்கணக்கை எட்டுவது எங்ஙனம்? பருப்பு, சுண்டல், தயிர், பன்னீர், உண்பவர்க்கு முட்டையும் மீனும் எனக் கூட்டிக்கொள்ளலாம். சிறுநீரக நோயுள்ளவர் மட்டும் கேட்டுச் செய்க.

புதிதாக இளைப்பு வந்தாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும், கால் வீங்கினாலும் கருவியைத் தேடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இதயமோ இரத்தசோகையோ காரணமாகலாம். அண்மையில் மாரடைப்பு வந்தவரும், கண் அறுவை செய்துகொண்டவரும், நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தவரும் மருத்துவர் அனுமதியின்றித் தொடவேண்டாம். தலை சுற்றினால் அக்கணமே நிறுத்துக.

மாதிரிக் கருவி ஒன்றை மேடையருகே மேசையில் வைத்துள்ளோம். கையில் எடுத்துப் பார்க்கலாம். ஒருவர் வாயில் வைத்ததை மற்றவர் வைத்தல் ஆகாது என்பதால், ஊதிப் பார்க்க மட்டும் யாரும் முயலவேண்டாம்.