கண்ணுக்குள் வைத்த வில்லையும் கண்ணும்

 

நமது கோவில்பதாகையில் கண்புரை அறுவை செய்துகொண்ட பெரியவர்கள் பலர் உள்ளனர். செய்துகொள்ளத் தயங்குவோரும் உள்ளனர். "அந்நியப் பொருளை உடம்பு ஏற்குமா?" என்பதே அவர்களின் கேள்வி. அதனை வீண் அச்சம் என்று நாம் தள்ளிவிட விரும்பவில்லை. முள் தைத்தால் சீழ் பிடிப்பதை யாவரும் கண்டிருக்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்களில் பாய்ந்தன. அவை உள்ளேயே தங்கியும் கண்கள் பெரிதும் சீறவில்லை. இதனைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர், 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவ்வகைப் பிளாஸ்டிக்கினால் ஆன வில்லையை ஒரு பெண்மணியின் கண்ணில் பொருத்தினார். சக மருத்துவர்கள் பல்லாண்டுகள் எதிர்த்தனர். அதிலும் ஓரளவு நியாயம் இருந்தது. அக்கால வில்லைகள் கனமானவை, சில இடம் நழுவின, அழற்சியும் தந்தன.

கண் ஏற்றுக்கொள்கிறது என்றால் வாளாவிருக்கிறது என்று பொருளன்று. அறுவைக் காயத்தினால் இரத்தக் குழாய்களிலிருந்து புரதங்கள் கசிந்து வில்லையின் மேல் படிகின்றன. அந்நியப் பொருளை விழுங்க முயலும் செல்களும் அதன்மேல் வந்து அமர்கின்றன. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தணிந்துவிடும். தணிப்பதற்கே சொட்டு மருந்து. பார்வை தெளிந்ததும் பத்தாம் நாளே அதனை நிறுத்திவிட்டு, கண் சிவந்து மீண்டும் மருத்துவரிடம் ஓடிய பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். சர்க்கரை நோயுள்ளோருக்கு விழித்திரையில் வீக்கம் வரும் வாய்ப்பும் கூடுதல்.

மற்றொன்று, "புரை திரும்ப வந்துவிட்டது" என்று பலர் சொல்வது. எடுத்த புரை திரும்ப வராது. புரையை நீக்கும்போது அதனை மூடியிருந்த மெல்லிய உறையின் பின்பகுதியை விட்டுவைத்து, அதற்குள்தான் வில்லையை வைக்கின்றனர். உறையின் ஓரத்தில் எஞ்சிய செல்கள் மாதங்கள், ஆண்டுகள் கழித்துப் பெருகி, வில்லைக்குப் பின்னால் ஊர்ந்து படலமாகின்றன. வில்லையின் விளிம்பைக் கூராக, சதுரமாக அமைத்தால் அவ்விளிம்பு உறையை அழுத்தி வரப்புப் போல் செல்களைத் தடுக்கிறது என்று பின்னாளில் கண்டறிந்தனர். அதன்பின் இத்தொல்லை குறைந்தது, அறவே ஒழியவில்லை. படலம் வந்தால் 'யாக்' லேசர் கொண்டு உறையில் சிறு திறப்பு உண்டாக்குவர். வில்லை அங்கேயே இருக்கும்; அதனை மாற்ற வேண்டியதில்லை.

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 1992 முதல் இவ்வில்லைகளை மலிவாகச் செய்து வருவதால், இன்று ஏழைக்கும் இது எட்டாததன்று.

ஒளுச் செய்கையில் கண்ணில் நீர் படலாமா, சுஜூது எப்போது செய்யலாம் என்பவற்றை அறுவை செய்த மருத்துவரிடமே கேட்டறிக. அவர் அனுமதிக்கும்வரை நாற்காலியில் தொழலாம். அறுவைக்குப் பின் வலி மிகுந்து, கண் சிவந்து, பார்வை மங்கினால் மறுநாள் என்று காத்திராமல் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.